குடியரசுத் தலைவரின் முதல் ஆண்டு உரையைப் படிப்பது எப்படி? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜனவரி மாதக் கடைசியில், பட்ஜெட்டுக்கு முந்தைய நாட்களில், குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளையும் சேர்த்து வைத்து ஓர் உரை வாசிப்பார். டிவியில் குதிரைப்படை வரும், சிவப்புக் கம்பளம் தெரியும், உறுப்பினர்கள் மேசை தட்டும் சத்தம் கேட்கும். பட்ஜெட் வந்ததும் அந்த உரையை எல்லாரும் மறந்துவிடுவார்கள். வருமான வரியில் எவ்வளவு சலுகை, தங்கத்துக்கு வரி ஏறியதா என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

என்னைக் கேட்டால், பட்ஜெட்டுக்கு முன்னால் கையில் எடுக்க வேண்டியது இந்த உரையைத்தான். ஒன்றிய அரசு தான் செய்து முடித்ததாகச் சொல்வதும், இனி செய்யப்போவதாகச் சொல்வதும் ஒரே இடத்தில், எழுத்து வடிவில் கிடைக்கும் இடம் அது. படிக்க ஒரு மணி நேரம் போதும். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், இப்போதுதான் முதல் ஓட்டைப் போட்டவர்கள், ஊர்ச் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர்கள், பங்குப் பேரவையிலோ ஊர்க் கமிட்டியிலோ நாலு பேருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகப் பதவிக்கு வந்த ஒரு குடியரசுத் தலைவரின் முதல் ஆண்டு உரையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எந்த உரை என்பதில் குழப்பம் வேண்டாம்

ஜனவரி 25 இரவு, குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், குடியரசுத் தலைவர் நாட்டு மக்களுக்கு ஓர் உரை ஆற்றுவார். ஆகஸ்ட் 14 இரவும் அப்படி ஒன்று உண்டு. அவை வழக்கமாக நடப்பவை. நாம் பேசுவது நாடாளுமன்றத்துக்குள் நடக்கும் உரை. ஜனவரி 25 உரைக்கும் இதற்கும் இடையில் பெரும்பாலும் ஒரு வாரம்கூட இருக்காது என்பதால் தேடும்போது மாறிப் போகும். தேதியைப் பார்த்து எடுங்கள்.

நாடாளுமன்ற உரை அரசியலமைப்பின் 87-ஆவது பிரிவு கட்டாயமாக்கியது. ஒவ்வொரு மக்களவைப் பொதுத்தேர்தலுக்குப் பிறகு வரும் முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் குடியரசுத் தலைவர் இரு அவைகளுக்கும் சேர்த்து உரையாற்றி, எதற்காகக் கூட்டினோம் என்று தெரிவிக்க வேண்டும். முதலில் எழுதியபோது ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் உரை என்றுதான் இருந்தது. 1951-இல் வந்த முதல் திருத்தம் அதை ஆண்டுக்கு ஒருமுறை என்று குறைத்தது.

1977-இலிருந்து குடியரசுத் தலைவர்கள் ஜூலை 25 அன்று பதவியேற்று வருகிறார்கள். அதனால் புதியவரின் முதல் ஆண்டு உரை ஆறு மாதம் கழித்துத்தான் வரும். ராம்நாத் கோவிந்த் 2017 ஜூலையில் வந்தார், முதல் உரை 2018 ஜனவரி 29. திரௌபதி முர்மு 2022 ஜூலையில் வந்தார், முதல் உரை 2023 ஜனவரி 31. அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027-இல். அதில் புதியவர் ஒருவர் வந்தால் 2028-இன் தொடக்கத்தில் அவரது முதல் உரையைக் கேட்கலாம். அதுவரை பழகிக்கொள்ள முர்முவின் 2023 உரை போதும்.

யார் எழுதியது என்று முதல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். புதிய குடியரசுத் தலைவர் வந்திருக்கிறார், ஒடிசாவின் மயூர்பஞ்ச் பக்கத்துச் சந்தால் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்தவர், ஆகவே அவருடைய மனம் இந்த உரையில் தெரியும் என்று எதிர்பார்த்துப் படிப்பார்கள். அந்த ஆர்வம் நல்லதுதான். ஆனால் இந்த உரை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த உரை. அமைச்சகங்களிலிருந்து குறிப்புகள் போகும், அவை ஒன்றாகத் தொகுக்கப்படும், அமைச்சரவை சரி என்ற பிறகு அது குடியரசுத் தலைவர் கைக்கு வரும். 74-ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். உரையில் "எனது அரசு" என்று வரும் இடத்திலெல்லாம் பிரதமரின் அமைச்சரவை என்று வைத்துப் படியுங்கள். வாசித்தவர் மனத்தைத் தேட வேண்டுமென்றால் பதவியேற்ற நாளில் அவர் பேசியதை எடுங்கள், அங்கே கொஞ்சம் கிடைக்கும்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள தில்லி வரை போக வேண்டாம். ஆளுநர் உரை என்று சென்னையில் இதே ஏற்பாடு 176-ஆவது பிரிவின் கீழ் இருக்கிறது. 2023 ஜனவரி 9 அன்று சட்டமன்றத்தில் ஆளுநர் ஆர்.என்.ரவி அச்சிட்ட உரையின் சில பகுதிகளை விட்டுவிட்டு வாசித்தார். அச்சிட்டு வழங்கிய உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் உடனே தீர்மானம் கொண்டுவந்தார். உரை யாருடையது என்ற கேள்வி அன்றைக்குத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் முர்முவின் முதல் உரை.

அதனால்தான் புதியவரின் முதல் உரையிலிருந்து தொடங்கச் சொன்னேன். வாசிப்பவர் மாறியிருக்கிறார், அரசு மாறவில்லை. முந்தையவரின் கடைசி உரையையும் புதியவரின் முதல் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆளை ஒதுக்கிவிட்டு அரசின் கணக்கை மட்டும் பார்க்கப் பழகலாம்.

உரை நாளன்று என்ன செய்வது

நேரலையாகப் பார்க்க சன்சத் டிவி, தூர்தர்ஷன். காலை 11 மணி வாக்கில் தொடங்கும். ஜனாதிபதி மாளிகையிலிருந்து மெய்க்காவல் படையின் குதிரைகளோடு ஊர்வலம் வரும். குடியரசுத் துணைத் தலைவர், பிரதமர், மக்களவைத் தலைவர் ஆகியோர் எதிர்கொண்டு அழைத்துப் போவார்கள். 2023 வரை பழைய கட்டடத்தின் மைய மண்டபத்தில் நடந்தது. அரசியல் நிர்ணய சபை 1946-இல் கூடிய அதே மண்டபம். 2024 முதல் புதிய கட்டடத்தின் மக்களவைக் கூடத்தில் நடக்கிறது. அங்கே குடியரசுத் தலைவருக்கு முன்னால் செங்கோலை ஏந்திப் போகிறார்கள். 1947-இல் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து நேருவுக்குப் போன செங்கோல் அது என்பதால் நம்மூர்க் கண்ணுக்கு அந்த இடம் சட்டென்று படும்.

கோவிந்தும் முர்முவும் வாசித்தது இந்தியில். இந்தியில் வாசித்தால், ஆங்கில வடிவத்தின் தொடக்கத்தையும் முடிவையும் துணைத் தலைவர் வாசிப்பது வழக்கம். இந்தி புரியாதவர்கள் அதற்காக உட்கார்ந்து கஷ்டப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: எந்த வரிக்கு யார் மேசை தட்டுகிறார்கள், எந்த வரிசைகள் காலியாக இருக்கின்றன. 2023-இல் ஆம் ஆத்மி, பாரத் ராஷ்டிர சமிதி உறுப்பினர்கள் உரையைப் புறக்கணித்தார்கள். காங்கிரஸ் தலைவர்கள் சிலர் வராததற்குக் காரணம் வேறு. கன்னியாகுமரியில் 2022 செப்டம்பரில் தொடங்கிய பாரத் ஜோடோ யாத்திரை முந்தைய நாள்தான் ஸ்ரீநகரில் முடிந்திருந்தது, பனியில் விமானங்கள் தாமதமாயின. காலி நாற்காலி எல்லாமே எதிர்ப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மொழி என்றதும் ஒரு பழைய செய்தி. திருத்தணிக்காரர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1962 மே மாதம் குடியரசுத் தலைவரானார். அவரது முதல் ஆண்டு உரை 1963 பிப்ரவரி 18. அவர் ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கியதும் சில உறுப்பினர்கள் இந்தியில் வேண்டும் என்று குரல் எழுப்பி வெளியே போனார்கள். மக்களவை அதைச் சும்மா விடவில்லை. குழு அமைத்து விசாரித்துக் கண்டித்தது. அலுவல் மொழிச் சட்டம் வந்த ஆண்டு அது. அன்றைக்கு நாகர்கோவில் தொகுதியின் மக்களவை உறுப்பினர் மார்ஷல் நேசமணி. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்து ஏழாண்டுகூட ஆகியிருக்கவில்லை. மொழிக்காகவே எல்லைப் போராட்டம் நடத்திய மாவட்டத்துக்கு அந்தச் சம்பவம் வெறும் தில்லிச் செய்தியாக இருந்திருக்காது.

சரி, உரை முடிந்த பிறகு என்ன? அரை மணி நேரத்தில் இரண்டு அவைகளும் தனித்தனியாகக் கூடும், உரையின் பிரதி அவை முன் வைக்கப்படும். அன்றைக்கே ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (PIB) தளத்திலும் குடியரசுத் தலைவரின் தளத்திலும் முழு உரை கிடைக்கும். பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழிலும் செய்திகளை வெளியிடுகிறது. தமிழில் எடுத்தால் பக்கத்தில் ஆங்கில வடிவத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், எண்களைச் சரிபார்க்க உதவும். மறுநாள் செய்தித்தாளில் வரும் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊருக்கு வேண்டிய ஒற்றை வரி, சுருக்குகிறவரின் கத்தரிக்குத் தப்பாது.

பேனாவோடு உட்காருங்கள்

முழு உரையைத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கலாம். முதல் வேலை, பத்திகளுக்கு ஓரத்தில் எண் போடுவது. அப்புறம் பேசவும் எழுதவும் அந்த எண் இல்லாமல் முடியாது.

பிறகு ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: "செய்தது", "நடக்கிறது", "வரப்போகிறது". பழகினால் வேகமாகப் போகும். ஆண்டு உரைகளில் பெரும்பகுதி "செய்தது" என்றே விழும். "வரப்போகிறது" என்று எழுதும் பத்திகள் குறைவாக இருந்தால் அதுவே ஒரு செய்தி. தேர்தல் முடிந்து வரும் உரையிலும் தேர்தல் நெருங்கும்போது வரும் உரையிலும் இந்த விகிதம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் நிறையப் புரியும்.

அடுத்தது எண்கள். இதில் நான் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படிக்கிறவர்களே இங்கே ஏமாறுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நூலகத்தில் கூடிப் படிப்பது வழக்கம். கோவிந்தின் 2022 உரையும் முர்முவின் 2023 உரையும் மேசையில் கிடந்தன. ஊரக வீடுகளுக்குக் குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டப் பத்திகளைப் பையன்கள் வட்டம் போட்டிருந்தார்கள். வள்ளவிளையிலிருந்து வரும் ஒரு தம்பி இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அண்ணே, போன வருசம் ஆறு கோடி வீட்டுக்குக் குழாய்னு சொன்னாவ. இந்த வருசம் பதினோரு கோடின்னு இருக்கு. ஒரே வருசத்துல அஞ்சு கோடி வீட்டுக்கா போட்டாவ?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 2022 உரையில் ஏறத்தாழ 6 கோடி ஊரக வீடுகள் என்று வந்தது, திட்டம் தொடங்கிய பிறகு புதிதாகக் கொடுத்த இணைப்புகள். 2023 உரையில் மூன்றாண்டுகளில் சுமார் 11 கோடிக் குடும்பங்கள் என்று வந்தது. 2019 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியபோது ஏற்கெனவே மூன்றேகால் கோடி வீடுகளுக்குக் குழாய் இருந்தது. திட்டத்தின் சொந்தக் கணக்குப் பலகையைப் பார்த்தால், 2023 தொடக்கத்தில் இருந்த 11 கோடி என்பது அந்தப் பழைய வீடுகளையும் சேர்த்த மொத்தம். அதைக் கழித்தால் புதிய இணைப்பு ஏழே முக்கால் கோடி வாக்கில் வரும். முந்தைய ஆண்டின் ஆறு கோடியை அதிலிருந்து கழித்தால் அந்த ஓராண்டில் நடந்தது ஏறத்தாழ இரண்டு கோடி.

இரண்டு கோடி வீடுகளுக்கு ஓராண்டில் குழாய் போடுவது சின்ன வேலை இல்லை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் ஐந்து வேறு, இரண்டு வேறு. ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதுங்கள். மொத்தமா, புதிதாகச் சேர்ந்ததா? எந்த நாளிலிருந்து? வீடா, குடும்பமா, ஆளா? பதில் உரையில் இருக்காது. பட்ஜெட்டுக்கு முன் வெளியாகும் பொருளாதார ஆய்வறிக்கையில் சில கிடைக்கும், அந்தந்த அமைச்சகத்தின் தளத்தில் மிச்சம் கிடைக்கும். 2023-இல் ஆய்வறிக்கை உரை நாளன்றே வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும்.

எண்ணே இல்லாத பத்திகளும் வரும். 2023 உரையில் நிலையான, அச்சமற்ற, உறுதியான முடிவெடுக்கும் அரசு என்ற வரி தலைப்புச் செய்தியானது. அமிர்த காலம் (சுதந்திர நூற்றாண்டு வரையிலான 25 ஆண்டுகளுக்கு அரசு வைத்த பெயர்), 2047 என்று பேச்சு போனது. இவற்றைக் கட்சி மேடையில் விவாதிக்கலாம், சரிபார்க்க முடியாது. ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.

குமரியைத் தேடுவது எப்படி

உரையில் "கன்னியாகுமரி" என்று தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றால் மூடி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் பயனில்லை. 140 கோடிப் பேருக்கான உரையில் மாவட்டத்தின் பெயர் வருவது அரிது. பெயர் வந்தாலும் பெரும்பாலும் "காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை" என்றுதான் வரும். முர்மு அந்த முதல் உரை வாசித்து ஒன்றரை மாதத்தில், 2023 மார்ச் 18 அன்று, கன்னியாகுமரிக்கு வந்து விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் பார்த்துப் போனார். வருகை வேறு, உரை வேறு.

தேட வேண்டியது நம் வாழ்க்கையில் ஒன்றிய அரசின் கை எங்கெல்லாம் படுகிறதோ அந்த இடங்களை. தூத்தூர், சின்னத்துறை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் மீனவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு, அதைத் தாண்டினால் ஒன்றியப் பட்டியலில் 57-ஆவது இனம். இவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்வது அந்த எல்லைக்கு அப்பால்தான். அதனால் உரையில் மீன்வளம், கடலோரக் காவல்படை, செயற்கைக்கோள், வானிலை எச்சரிக்கை என்று வரும் பத்திகள் எல்லாம் இவர்களைப் பற்றியவை, ஊர்ப் பெயர் இல்லாவிட்டாலும்.

பால்வெட்டுக்காரர்களுக்கு ரப்பர் வாரியம், அது வணிக அமைச்சகத்தின் கீழ். இறக்குமதி, வணிக ஒப்பந்தம் என்று வரும் பத்திகளைக் குலசேகரம், அருமனை பக்கத்துக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ரப்பர் விலையின் தலையெழுத்து பாதி அங்கேதான் இருக்கிறது. தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியம். காவல்கிணறு–களியக்காவிளை நான்குவழிச் சாலை, நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில்பாதை இரண்டும் ஒன்றியத்தின் வேலை. மணவாளக்குறிச்சி மணல் ஆலை அணுசக்தித் துறையின் கீழ் உள்ள நிறுவனத்துடையது.

பேச்சிப்பாறை அணை, நாஞ்சில் நாட்டுக் குளங்கள், அரசுப் பேருந்து, கோட்டாறு ஆஸ்பத்திரி, இவற்றை இந்த உரையில் தேடாதீர்கள். அவை மாநிலத்தின் பொறுப்பு. ஆளுநர் உரையிலும் தமிழ்நாடு பட்ஜெட்டிலும் பாருங்கள். எந்தக் கேள்வியை எந்த வாசலில் கேட்பது என்று தெரியாமல்தான் நம் மனுக்களில் பாதி, அலுவலகம் அலுவலகமாகச் சுற்றுகிறது.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 29, 30-இல் நம் கடலைப் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதற்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து வந்தது கோவிந்தின் முதல் ஆண்டு உரை. அந்த 2018 ஜனவரி 29 உரையை எடுங்கள். மீனவர், கடல், புயல், பேரிடர் என்று வரும் இடங்களை வட்டமிடுங்கள். எத்தனை வரி, என்ன சொல்லப்பட்டது, எது விடுபட்டது என்று நீங்களே எழுதுங்கள். யாரோ சொன்ன முடிவை விட உங்கள் கையால் போட்ட வட்டம் பெரிது.

நன்றித் தீர்மானம்: உங்கள் ஊர் உள்ளே நுழையக்கூடிய வாசல்

உரையோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் விஷயம் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை ஒவ்வோர் அவையிலும் ஓர் உறுப்பினர் கொண்டுவருவார், இன்னொருவர் வழிமொழிவார். பேர் நன்றி என்று இருந்தாலும், அரசின் எந்தக் குறையைப் பற்றியும் அதில் பேசலாம். கடைசியில் பிரதமர் பதில் சொல்வார். 2023-இல் சில நாள் அமளிக்குப் பிறகு மக்களவையில் பிப்ரவரி 7 அன்று விவாதம் தொடங்கியது. பிரதமர் 8-ஆம் தேதி மக்களவையிலும் 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் பதிலளித்தார்.

உறுப்பினர்கள் இந்தத் தீர்மானத்துக்குத் திருத்தம் கொடுக்கலாம் என்பதுதான் நமக்கு முக்கியம். வழக்கமான வடிவம் இது: தீர்மானத்தின் கடைசியில், "ஆனால் உரையில் இன்னதைப் பற்றிய குறிப்பு இடம்பெறாததற்கு வருந்துகிறது" என்று சேர்க்கச் சொல்வது. எந்த உறுப்பினரும் தன் தொகுதியின் பிரச்சினையை இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுக்க முடியும். பெரும்பாலும் தோற்கும், அல்லது திரும்பப் பெறப்படும். ஆனாலும் அது நாடாளுமன்ற ஆவணத்தில் ஏறிவிடும்.

எப்போதாவது ஜெயிக்கவும் செய்யும். மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லாத காலத்தில், 2015-இல் சீதாராம் யெச்சூரி ஊழல், கறுப்புப் பணம் பற்றிக் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. 2016-இல் குலாம் நபி ஆசாத் கொண்டுவந்ததும் நிறைவேறியது. ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் படிப்புத் தகுதி வைத்ததைப் பற்றியது அது. மக்களவையில் அப்படி ஒரு திருத்தம் நிறைவேறினால் அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே அங்கே நடப்பதில்லை.

நாம் செய்ய வேண்டியது, உரை வந்த அன்று மாலையே, தள்ளினால் மறுநாள், நம் மக்களவை உறுப்பினருக்கு ஒரு கடிதம் அனுப்புவது. விவாதம் அடுத்த சில நாளில் தொடங்கிவிடும் என்பதால் தபால் உதவாது. மக்களவையின் இணையதளத்தில் உறுப்பினரின் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கும். தொகுதி அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போகும் 18 பேருக்கும் எழுதலாம். கட்சி பார்க்க வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் எழுதிப் பார்த்த ஒன்றின் நடு வரிகள் இவை:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்றைய குடியரசுத் தலைவர் உரையின் 41-ஆவது பத்தி மீன்வளத் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறது. 12 கடல் மைலுக்கு அப்பால் காணாமல் போகும் மீனவர்களைத் தேடி மீட்கும் ஏற்பாடு குறித்து அதில் ஒரு வரியும் இல்லை. நன்றித் தீர்மானத்துக்கு இது குறித்த திருத்தம் ஒன்றைத் தாங்கள் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பேச வாய்ப்புக் கிடைத்தால் இந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டுகிறோம்."

பத்தி எண், விடுபட்ட விஷயம், செய்ய வேண்டிய வேலை. ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை. ரப்பருக்கு வேறு கடிதம், சாலைக்கு வேறு கடிதம், கையெழுத்தும் அந்தந்த ஊர்க்காரர்கள் போடட்டும். எல்லாவற்றையும் ஒன்றில் அடுக்கினால் உறுப்பினரின் உதவியாளருக்கே எதை எடுத்துக் கொடுப்பது என்று தெரியாது. பாராட்டு வரிகளும் வசவும் இரண்டுமே வேண்டாம், இடத்தை அடைக்கும்.

பட்ஜெட் வந்த பிறகு

உரையில் "வரப்போகிறது" என்று குறித்த பத்திகளை எடுத்து வைத்துக்கொண்டு பட்ஜெட் ஆவணத்தைத் திறங்கள். அந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, போன ஆண்டு ஒதுக்கியதில் திருத்திய மதிப்பீடு (ஆண்டு முடியும் முன் அரசே திருத்திப் போடும் செலவுக் கணக்கு) எவ்வளவு என்று பாருங்கள். திருத்திய மதிப்பீடு குறைந்திருந்தால் பணம் செலவாகவில்லை. நிதி அமைச்சரின் பேச்சை விட இந்த இரண்டு எண்கள் நிறையச் சொல்லும்.

விவாதத்தில் நம் உறுப்பினர் பேசினாரா என்பதை மக்களவைத் தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் தெரியும். அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்களின் எழுத்துப் பதில்களும் அங்கேயே இருக்கும். பட்ஜெட் கூட்டத்தொடர் இடையில் ஓர் இடைவெளியோடு ஏப்ரல் வரை போகும். ஆகவே திருத்தமாகக் கொடுக்க முடியாமல் போனதை எழுத்துப் பதில் கேட்கும் கேள்வியாகக் கேட்கச் சொல்லி மார்ச் மாதத்திலும் எழுதலாம். மாவட்ட வாரியான எண்ணைக் கேட்டு வாங்க அதுவே நல்ல வழி. உரையில் நாடு முழுவதற்கும் சேர்த்து வந்த எண் இங்கேதான் குமரிக்கென்று பிரியும்.

மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு இடமும் இருக்கிறது. ஒன்றிய அரசின் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு உண்டு, சுருக்கமாகத் திஷா குழு என்பார்கள். மக்களவை உறுப்பினர்தான் தலைவர், கலெக்டர் உறுப்பினர் செயலர். குடிநீர் இணைப்பு, ஊரக வீடு, கிராமச் சாலை எல்லாம் அதன் மேசைக்கு வரும். உங்கள் ஊரின் விஷயத்தை அந்தக் குழுவில் வைக்கச் சொல்லி, நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். அதன் பிரதியை உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரிசையை விட்டு வராதீர்கள், மனு எண்ணை உரையின் பத்தி எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.